பிளக்ஸில் அப்பாவுக்கு ஒரு கூலிங் கிளாஸ்

என் அக்கா பவதாரிணி டி.எஸ்.பி. ஆனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில். அதற்கு முந்தைய நாள்வரை அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதவி கொடுத்தவர் எங்கள் தாய்மாமன் ராஜபாண்டி. பத்தடி அகல பிளக்ஸ். நடுவில் காக்கிச் சட்டை, தொப்பி, தோளில் நட்சத்திரம். கழுத்துக்கு மேலே மட்டும் அக்காவின் பள்ளிக்கூட அடையாள அட்டை முகம். பின்னால் ஒரு சிங்கம். 'திருநெல்வேலியில் குற்றவியல் பட்டம் பயிலச் செல்லும் எங்கள் வீட்டு வேங்கை, வருங்கால டி.எஸ்.பி. பவதாரிணியை வாழ்த்தி வழியனுப்பும் தாய்மாமன்.' சிங்கத்தைப் போட்டுவிட்டு வேங்கை என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். ரெண்டும் கடிக்கும்தானே என்றார்.

குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகிவிட முடியாது என்று அக்கா மாமாவுக்கு எத்தனையோ முறை விளக்கியிருந்தாள். குற்றம் ஏன் நடக்கிறது, செய்தவன் பிறகு என்ன ஆகிறான், பறிகொடுத்தவன் என்ன ஆகிறான், கோர்ட்டும் ஜெயிலும் எப்படி நடக்கின்றன, இதையெல்லாம் படிக்கிற படிப்பு அது. மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானத்தா போலீசும் பண்ணுது" என்பார்.

அந்த பிளக்ஸைக் கணினியில் செய்தவன் நான்தான். பத்தாவதில் கணக்குப் பாடமும் நானும் பிரிந்த நாளிலிருந்து பழங்காநத்தத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் வேலை. கறுத்த முகங்களை வெளுப்பாக்குவது, வழுக்கைத் தலையில் முடி நடுவது என் தொழில். ஒரு கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் கையிலும் ஒரே கடிகாரத்தை ஒட்டி அனுப்பினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் சந்தோஷமான செய்தி வந்தால் அதையும் நான்தான் அச்சடிக்க வேண்டும். அதில் தப்பில்லை. சிக்கல் பிளக்ஸின் அடிவரிசையில் இருந்தது.

எங்கள் பக்கம் பிளக்ஸ் என்றால் அடியில் சொந்தக்காரர்கள் படம் வரிசையாக இருக்க வேண்டும். முதலில் பெற்றவர்கள், பிறகு பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், கடைசியில் நாலைந்து பொடியன்கள். அதில் பெண்ணின் அப்பா இல்லாமல் இருக்க முடியாது. செத்துப்போயிருந்தால் மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வட்டம் கட்டி மாலை போட்டு வைப்பார்கள். உயிரோடிருந்தால் கீழ் வரிசை. நான் அப்பாவை விட்டுவிடலாம் மாமா என்றேன். மாமா கடைக்கே வந்துவிட்டார்.

"படம் போடாம விட்டா செத்துப்போனான்னு அர்த்தம்டா சித்து. உசுரோட இருக்க மனுசனை நீயே கொல்லுறியா?"

கடை ஓனர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நான் என்ன சொல்வது? சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த அப்பா படத்தை எடுத்தேன். சின்னதாக்கினேன். வரிசையின் கடைசியில் வைத்தேன். அதுவும் போதாது என்று, கவுன்சிலருக்கு நின்ற ஒருவரின் பழைய பைலிலிருந்து ஒரு கூலிங் கிளாஸை வெட்டி அப்பா கண்ணில் மாட்டினேன். ஆளை மறைக்கத்தான் மாட்டினேன். மாட்டிய பிறகு பார்த்தால் அந்த வரிசையிலேயே முதலில் கண்ணுக்குப் படுகிற ஆள் அவர்தான்.

அப்பாவை ஏன் மறைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே. அப்பா சுருளி, மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் எது நின்றாலும் அப்பாவுக்குத்தான் போன் வரும். தென்னந்தோப்பு, நெல்வயல், கடலைக்காடு எங்கே போனாலும் ஒரு டீ கிடைக்கும், ஒரு கயிற்றுக்கட்டில் கிடைக்கும். எங்கள் தாத்தா காலத்தில் அந்த வயல்களில் எங்கள் ஆட்கள் கூலிக்குத்தான் நின்றார்கள். அப்பா கையில் டெஸ்டரோடு போனார், மரியாதையோடு திரும்பினார். அம்மாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லி மாளாது. பிறகு மோட்டார் வயர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. கிணற்றடியிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிவரை போகிற வயரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக. தண்ணீர் பாயாமல் பயிர் வாடும். காலையில் தோட்டக்காரர்கள் அழுதுகொண்டே புது வயர் மாட்ட யாரைக் கூப்பிடுவார்கள்? அப்பாவைத்தான். அப்பா வந்து மாட்டிக்கொடுப்பார். எந்தத் தோட்டத்தில் புது வயர் கிடக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கொஞ்ச நாள் கழித்து அதுவும் காணாமல் போகும்.

வாய்க்கால் கரையில் வயரைக் கொளுத்தி ரப்பரை உருக்கிக்கொண்டிருந்தபோது அவரைப் பிடித்தார்கள். கறுப்புப் புகை காட்டிக்கொடுத்துவிட்டது. ஆளாளுக்குக் கொடுத்த கேசில் மூன்று வருடம். மதுரை மத்திய சிறை.

வேறு எந்தக் குற்றமாக இருந்தாலும் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். கோபத்தில் வெட்டிவிட்டான் என்றால்கூட ஊரில் பாதிப்பேர் ஆமாம் போடுவார்கள். அப்பா டீ வாங்கிக் குடித்த வீட்டிலேயே திருடியிருக்கிறார். அதுவும் தன் கையால் மாட்டியதை. நாங்கள் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அக்கா பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடக்கும்போது யாரோ திரும்பிப் பார்ப்பார்களாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பழங்காநத்தத்துக்கு வந்தோம். ஒரு காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரே குழாய். படிப்புக்காக வந்தோம் என்று அம்மா சொன்னாள். அப்பா? துபாயில்.

அந்தப் பொய்யைச் சொன்னது அம்மா பாண்டிமீனா. அதை வளர்த்த பெருமை எனக்கு. வீட்டு ஓனர் சுபலட்சுமி அக்கா, துபாய்க்காரர் வீட்டில் ஒரு பேரீச்சம்பழம்கூடக் கண்ணில் காட்டவில்லையே என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். கீழமாசி வீதியில் நல்லதாகப் பார்த்து வாங்கி, மேலே ஒட்டியிருந்த கடைப் பெயரைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன். அடுத்து ஒரு கோடாலித் தைலம். மூட்டு வலிக்கு என்ன சுகமாக இருக்கிறது, இதெல்லாம் நம்மூரில் எங்கே கிடைக்கும் என்று அவர் எல்லோரிடமும் காட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் அக்கா சிரிக்கவே இல்லை. அன்றைக்கு என்னோடு பேசவும் இல்லை.

அப்பாவின் கேஸ் நடந்தபோது ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனது அக்காதான். அம்மா கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். நான் பழைய ஜீப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அக்கா உள்ளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாய் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருவாள். அப்போதுதான் இந்தப் படிப்பு அவள் தலைக்குள் ஏறியிருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. ஒன்று மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி, வீட்டிலிருந்து ஒரே பஸ். இன்னொன்று திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம், ஹாஸ்டலில் தங்க வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டு வர நானும் கூடப்போனேன். மதுரைக் கல்லூரியில் அந்தத் துறையின் சுவர் முழுக்கப் போட்டோ. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் களப்பயணம் கூட்டிக்கொண்டு போவார்களாம். கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், கடைசியில் மத்திய சிறை. சிறை வாசலில் வரிசையாக நின்று சிரிக்கிற படங்கள். எங்களுக்கு அந்த வாசல் நன்றாகத் தெரியும். இடதுபக்கம் நிழல் இருக்காது. அக்கா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் போய் ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தாள்.

திருநெல்வேலியில் அவளை யாருக்கும் தெரியாது. அப்பா பெயர் எழுதிய இடத்தைப் பார்த்த வாத்தியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் வாழைப்பழத்தோலில் சறுக்கி விழுவதுபோல நடித்துக் காட்டினேன். அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள். ஊரைவிட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திருநெல்வேலிதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அப்பாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மனு பார்க்கப் போனபோது சொன்னார். மனு என்பது சிறையில் ஆளைப் பார்க்க எழுதிக்கொடுப்பது. கம்பி வலைக்கு அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் நாம். இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

"காலேஜ் பிள்ளைக வருவாங்க ஆத்தா. எங்களை வரிசையா நிறுத்துவாங்க. ஒரு பையன் எங்கிட்ட, நீங்க என்ன தப்பு பண்ணுனீங்கன்னு கேட்டான். பதில் சொல்ல முடியல. அந்தக் கூட்டத்துல நீயும் வந்து நின்னீன்னா நான் எங்கிட்டுப் போவேன்? நீ திருநெல்வேலிக்கே போயிரு."

போகிறேன் என்று அக்கா தலையாட்டினாள். அந்த வாரம்தான் மாமா பிளக்ஸ் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காம்பவுண்டுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், குடங்களோடு எல்லோரும் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். விருமாண்டி. எங்கள் ஊர்க்காரர், தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ளவர். பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவர் பஸ் ஸ்டாப்பில் அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"மோட்டார் சுருளி வீடு எது? ஜெயில்ல இருக்கானே, அவன் வீடு."

குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுபலட்சுமி அக்கா எங்கள் வாசலைப் பார்த்தார். அம்மா உள்ளேயிருந்து வந்தாள், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு. உட்காருங்கண்ணே என்றாள். அவர் உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாடியை மாட்டிட்டா அடையாளம் தெரியாதுன்னு எந்தப் பய நினைச்சான்?"

எந்தப் பய என்று எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா வாசலுக்கு வந்தாள். திருடன் வீட்டிலேயே போலீசும் வந்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்தான் என்றார் விருமாண்டி. அக்கா, உங்களுக்கு எத்தனை தடவை வயர் போனது ஐயா என்று கேட்டாள். கோர்ட்டில் அவள் கேட்க ஆசைப்பட்ட கேள்வியாக இருக்கலாம். அவர் கொஞ்சம் தடுமாறினார். சண்டை போட வந்தவரிடம் கணக்குக் கேட்டால் தடுமாறத்தானே செய்வார்? பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். சத்தம் தணிந்துவிட்டது.

"மூணு தடவை போச்சு. பின்னாடி போன ரெண்டுதான் கேசுல இருக்கு. மொதோ தடவை போனதை உங்கப்பன் ஒத்துக்கிடல. அது பொங்கல் கழிச்சு, கடலைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தப்ப போனது. அப்ப எங்கிட்டக் காவலுக்கு இருந்தவன் செல்வக்குமாரு. அவன்தான்னு நினைச்சு தென்னமரத்துல கட்டி வச்சு அடிச்சேன். ஊரே பாத்துச்சு."

அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசினார். "அவன் எடுத்திருந்தா சரி. உங்கப்பன் எடுத்திருந்தா, நான் என்ன ஆளு? அதைக் கேட்டுச் சொல்லு. கேசு கீசுன்னு போக மாட்டேன். எனக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்."

பொங்கல் கழித்து என்றதும் அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் ஐயா என்றாள்.

அவர் போன பிறகு நான் ஓடிப்போய் பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அக்காவின் தொப்பிதான் முதலில் மடிந்தது. திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வாசல்படியில் அந்தக் கோடாலித் தைலப் பாட்டில் இருந்தது. பாதி தீர்ந்த பாட்டில். மூடி இறுக்கமாகத் திருகப்பட்டிருந்தது. சுபலட்சுமி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீட்டைக் காலி பண்ணு என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அந்தப் பாட்டிலைக் கையில் எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அம்மா எடுத்து ஜன்னலில் வைத்தாள். அன்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

மாமா வந்து குதித்தார். அப்பா வாயைத் திறந்தால் இன்னொரு கேஸ் விழும், அந்த ஆள் பேச்சை நம்பாதே, பேசாமல் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர் என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். நானும்தான். இம்புட்டு அசிங்கப்பட்டது போதாதா என்று கேட்டேன். அக்கா எல்லோரையும் பேசவிட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை மனு போடணும், ஆதார் கார்டை எடுத்து வை என்று என்னிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வலைக்கு அந்தப்பக்கம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. பெட்டி வாங்கியாச்சா, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா பேரனிடம் ஆடு குட்டி போட்ட கதையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்காவும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. விருமாண்டி தோட்டத்தில் முதல் தடவை வயர் எடுத்தது யார்?

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எந்த விருமாண்டி என்றார். பிறகு அது நான் இல்லை என்றார். அம்மாவைப் பார்த்தார். அந்த செல்வக்குமார்தான் எடுத்திருப்பான், அப்போதே எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள் என்றார்.

அக்கா வலையில் நெற்றி படுகிற அளவுக்கு முன்னால் குனிந்தாள். இப்போது கத்தவில்லை.

"அந்தப் பொங்கலுக்கு எடுத்த நீலச் சட்டையை நான்தாம்ப்பா துவைச்சேன். எத்தனை தடவை அலசியும் ரப்பர் கருகுன வாடை போகல."

அப்பா வலையைப் பிடித்துக்கொண்டார். நகங்களுக்குள் இன்னும் கறுப்பு இருக்கிறதா என்று நான் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. இல்லை, சுத்தமாக இருந்தன.

"அதுதான் மொதோ தடவை ஆத்தா" என்றார். "அவனைக் கட்டி வச்சு அடிச்சப்ப நானும் அங்கனதான் நின்னேன். புது வயர் மாட்டக் கூப்பிட்டிருந்தாங்க. வயரைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன்."

அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எந்த இடத்திலும் ஏதாவது ஒரு நக்கல் வரும். வாத்தியார் அடித்தபோது வந்தது, போலீஸ் ஜீப் வீட்டு வாசலில் நின்றபோதுகூட வந்தது. அங்கே வரவில்லை. சுவரில் எழுதியிருந்த பார்வை நேரத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். நானும் அக்காவும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். வழியில் அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு அப்பவே தெரியும்டா. வாடை வந்துச்சு. ஒரு வார்த்தை கேக்காம இன்னும் கொஞ்சம் சோப்பைப் போட்டேன்."

அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அக்கா போனில் சொல்லியிருந்ததால் வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் விருமாண்டி எங்களுக்காக நின்றார். அக்கா, எங்க அப்பாதான் ஐயா என்றாள். அவர் கொஞ்ச நேரம் தோள்துண்டை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டினார். செல்வக்குமார் அவர்தான். ஊரைவிட்டுப் போனவர், மறுபடி வந்து அங்கேதான் வண்டி போட்டிருக்கிறார். அந்தப்பக்கம் பஸ் ஏறப் போனால்கூட நான் வேறு வழியாகத்தான் போவேன் என்றார் விருமாண்டி. நீயும் வா என்று அக்காவைக் கூப்பிட்டார். ஒரு பெரிய மனுசர் ரோட்டைக் கடக்க ஒரு பெண்பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வண்டிக்கு முன்னால் போனதும் அவருக்கு வாய் வரவில்லை. அக்காதான் சொன்னாள். நான் மோட்டார் சுருளி மகள், அந்த முதல் வயரை எடுத்தது எங்க அப்பா, நீங்க இல்லை.

செல்வக்குமார் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "நான் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அதை நீங்க வந்துதான் சொல்லணுமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் ஒரு காயை எடுத்துச் சீவினார்.

"உங்கப்பன் அன்னைக்கு வயரைத் தோள்ல போட்டுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அந்தக் கண்ணைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யார்ட்டச் சொல்ல? எங்கிட்டக் கேட்டது யாரு?"

சீவிய காயை அக்காவிடம் நீட்டினார். இன்னொன்றை எனக்கு. மூன்றாவதாக ஒன்றைச் சீவி, விருமாண்டி கையில் கொடுக்காமல் வண்டி ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு வெட்டப் போய்விட்டார். விருமாண்டி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே எடுத்துக் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. வழிந்தது எல்லாம் இளநீர்தானா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா, சமயநல்லூர் தாண்டியதும் போனை எடுத்தாள். மதுரைக் கல்லூரிக்குப் பேசி, நாளைக்கு வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். நான் பதறிவிட்டேன். அப்பா தாங்க மாட்டாரே என்றேன்.

"செல்வக்குமார் அண்ணே தாங்குனாருல்ல" என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, திருநெல்வேலியில் நன்றாகத்தான் படித்திருப்பேன், ஆனால் வகுப்பில் திருட்டைப் பற்றிப் பேசுகிற போதெல்லாம் யாரோ ஒருத்தன் கதையைக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். அப்படி உட்காரத் தனக்கு நன்றாக வரும் என்றும், அதுதான் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். வாழைப்பழத்தோலில் நான் சறுக்கியதும் அவள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பை இங்கே எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தேன். 

அடுத்த மனுவில் அப்பாவிடம் அவளே சொன்னாள். அப்பா வலையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது.

"கூட்டிட்டு வருவாங்கப்பா. நானும் வருவேன். நிமிந்து நில்லுன்னு சொல்ல மாட்டேன், குனிஞ்சுக்க. நானும் குனிஞ்சுக்கிறேன். ஆனா போயி ஒளிஞ்சுக்கிடாத."

அப்பா திரும்பவில்லை. ஆனால் போகவும் இல்லை. நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிற சமயத்தில்தான் கேட்டார். "என்ன தப்பு பண்ணுனேன்னு யாராவது பையன் கேட்டா?"

"சொல்லுப்பா. மொதோ தடவையும் சேத்துச் சொல்லு."

பழைய பிளக்ஸை விருமாண்டி ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். மோட்டார் ரூம் ஓட்டில் மழை இறங்குகிறதாம், மூட ஒன்றும் இல்லையாம். இப்போது அவர் தோட்டத்து மோட்டாருக்குக் காவல் எங்கள் அப்பாதான், கூலிங் கிளாஸோடு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமாவுக்கு ஒரு வாரம் கோபம். திருநெல்வேலி என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோமே என்றார். கோபம் தீர்ந்ததும் அவர் செய்கிற முதல் வேலை பிளக்ஸ் அடிப்பதுதான். கல்லூரிப் பெயரை மாற்றிப் புதுசாகப் போடு என்று போன் பண்ணினார். நான் அக்காவிடம் கேட்டேன். அவள் கல்லூரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டையையும் சிங்கத்தையும் எடுத்துவிடு, டி.எஸ்.பி. என்று ஒரு எழுத்து வரக்கூடாது என்றாள். சரி என்றேன். அடிவரிசை?

துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"அப்பாவைப் போடு. கண்ணாடி மட்டும் வேணாம்."

கடைக்குப் போய் அக்கா பிளக்ஸின் பழைய பைலைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். அடியில் கண்கள் அப்படியே இருந்தன. சித்தப்பா கல்யாணத்துக் கண்கள், கேமராவை நேராகப் பார்க்கிற கண்கள். எல்லோர் முகத்தையும் வெளுப்பாக்குகிறவன் அதை மட்டும் தொடாமல் விட்டேன். வரிசையின் கடைசியிலிருந்து நகர்த்தி, அம்மாவுக்குப் பக்கத்தில், அவர் நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். அது வெளியே வருகிறவரை மிஷின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.